பொம்மை ரயிலும் உழவர் சந்தையும்

நாம் உண்ணும் சோறும் கறியும் யாருடைய நிலத்தில் விளைந்தன என்பதையும், நாம் ஏறிச் செல்லும் வண்டி எத்தனை பேருடைய கண்விழிப்பினால் ஊர் போய்ச் சேருகிறது என்பதையும் சற்றும் அறியாமலேயே ஒரு மனிதன் தன் ஆயுட்காலம் முழுவதையும் கழித்துவிட முடியும் என்ற நிலைமை இன்று எல்லாத் தேசங்களிலும் ஏற்பட்டிருக்கிறது. இதை நாகரிகம் அளித்த சௌகரியம் என்று கருதுவோர் உண்டு. என் அபிப்பிராயத்தில் இது ஜனசமூகத்துக்கு நேர்ந்திருக்கும் பெரிய நஷ்டங்களுள் ஒன்று. ஏனெனில், கண்ணில் படாத உழைப்புக்கு நியாயமான விலையும் கிடைப்பதில்லை, மரியாதையும் கிடைப்பதில்லை. அந்த உழைப்பைப் பொதுஜனங்களின் கண்ணெதிரே மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தும் ஸ்தாபனங்கள் எவ்வளவு எளியவையாகத் தோன்றினாலும், அவற்றைப் போற்றிக் காப்பது அரசாங்கத்துக்கும் குடிமக்களுக்கும் உரிய கடமை என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது. அப்படிப்பட்ட இரண்டு காட்சிகளை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அரைமணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் பார்க்கும் வாய்ப்பு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த லங்காஸ்டர் மாவட்டத்தில் எனக்குக் கிடைத்தது. ஒன்று மாதிரி ரயில்களின் காட்சி. மற்றொன்று உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடும் சந்தை.

லங்காஸ்டர் நகருக்குத் தென்கிழக்கே, சோள வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே அமைந்த சிற்றூர் ஸ்ட்ராஸ்பர்க். அவ்வூரின் ரயில் பாதைக்கு 1832 ஆம் ஆண்டிலேயே சாசனம் கிடைத்துவிட்டது. பிரதான பாதையோடு ஊரை இணைக்கும் அந்தக் கிளைப்பாதையின் நீளம் சுமார் 7 கிலோமீட்டர்தான். மோட்டார் லாரிகள் பெருகிச் சரக்கு வரத்துக் குன்றி, பாதையைக் கைவிட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றிய சமயத்தில், ரயிலின்மீது பற்றுக்கொண்ட சிலர் ஒன்றுசேர்ந்து 1958 இல் அதை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டு முதல் அதில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச்செல்லத் தொடங்கினார்கள். நிலக்கரி எரிக்கும் நீராவி என்ஜின் பூட்டிய அந்த வண்டி, ஆமிஷ் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த குடியானவர்கள் கோவேறு கழுதைகளைப் பூட்டி உழும் வயல்களின் ஊடே பாரடைஸ் என்ற ஊர் வரை போய்த் திரும்புகிறது. அதன் பட்டறையில் பிற ஊர்களின் பழைய என்ஜின்களையும் பழுதுபார்க்கிறார்கள் என்பதால், கொதிகலனுக்குத் தகடு வளைக்கவும் தறையாணி அடிக்கவும் தெரிந்த கைகள் அங்கே இன்னும் அழிந்துபோகவில்லை. எதிரிலேயே மாநில அரசாங்கம் 1975 இல் திறந்த ரயில்வே காட்சிச்சாலையும் இருக்கிறது. நிஜ ரயிலின்மீது இத்தனை வாஞ்சை வைத்திருக்கும் ஊரில் பொம்மை ரயில்களுக்கும் வாசஸ்தலம் கிடைத்ததில் வியப்பில்லை.

ரயில் சேகரிப்போர் சங்கம் ஒன்று 1954 இல் பென்சில்வேனியாவில் தோன்றியது. வீடுகளின் பரணில் தூசிபடிந்து கிடந்த தகர என்ஜின்களையும் வண்டிகளையும் தேடியெடுத்துச் செப்பனிட்டுப் பாதுகாப்பதையே நோக்கமாகக் கொண்ட அச்சங்கத்தினர், ஸ்ட்ராஸ்பர்க்கில் 1977 இல் தேசிய பொம்மை ரயில் காட்சிச்சாலையைத் திறந்தார்கள். உள்ளே நுழைந்தால், கண்ணாடி அலமாரிகளில் அணிவகுத்து நிற்கும் நூறாண்டுக்கால ரயில்கள் ஒரு பக்கம்; வெவ்வேறு அளவுத் தண்டவாளங்கள்மீது ஓடிக்கொண்டிருப்பவை மறுபக்கம். குழந்தைகள் பொத்தானை அழுத்தினால் பாலம் இறங்குகிறது, மணி ஒலிக்கிறது, சரக்கு வண்டி தன் சுமையைத் தானே கவிழ்க்கிறது. அமெரிக்கர்கள் விரும்பும் அளவுகளுள் ஒன்றில் எல்லாம் நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. 25 மீட்டர் நீளமுள்ள பிரயாணி வண்டி, அந்தக் கணக்கின்படி, மேஜைமீது அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் அடங்கிவிடும்.

இந்த விளையாட்டுப் பொருளின் சரித்திரம் ஒரு நூற்றாண்டின் சரித்திரம். ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்ளின் கம்பெனியார் 1891 இல் லைப்சிக் நகரத்து வர்த்தகச் சந்தையில், தண்டவாள அகலங்களை ஒழுங்குபடுத்தி, பின்னால் வேண்டும்போது வாங்கிச் சேர்த்துக்கொள்ளத்தக்க பொம்மை ரயில்களைக் காட்சிக்கு வைத்தார்கள். நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் 1900 இல் தொடங்கிய லயனல் கம்பெனி, முதன்முதலில் மின்சார வண்டியொன்றைச் செய்தது குழந்தைகளுக்காக அன்று. கடை ஜன்னலில் சரக்குகளை ஏற்றிச் சுற்றிவந்து வழிப்போக்கரின் கவனத்தை ஈர்ப்பதற்காகவே. வாங்க வந்தவர்கள் சரக்கை விட்டு வண்டியைக் கேட்கத் தொடங்கிய பிறகு அது ஒரு பெரிய தொழிலாயிற்று. லயனல் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள் இருக்கும். நடுக்கம்பி வழியாக மின்சாரம் வந்து, இரு பக்கக் கம்பிகள் வழியாகத் திரும்பும். நிஜப் பாதையில் இல்லாத இந்த மூன்றாவது கம்பி பார்வைக்குச் சற்று விகாரமாகத் தோன்றினாலும், வண்டியை ஒரு வளையத்தில் சுற்றவிட்டு வந்த வழியே திரும்பச் செய்யும்போது மின்சாரம் குழம்பாமல் இருப்பது அதனால்தான். இதைத் தகப்பனார் விளக்க, பக்கத்தில் நின்ற சிறுமி தலையைச் சாய்த்து வண்டியின் அடிவயிற்றில் உருளும் சக்கரத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டதை நான் கண்டேன். மின்சாரத்தின் சுற்றுப்பாதை என்ற தத்துவம் எந்தப் பாடப்புத்தகத்தின் துணையுமின்றி அவளுக்கு ஸ்வாதீனமாகிவிட்டது.

அதே ஊரில், 1961 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘சூ சூ பார்ன்’ என்ற காட்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரண்டாம் உலக மகாயுத்தத்திலிருந்து வீடு திரும்பிய ஒருவர், தம் சிறு மகனுக்காக 1945 இல் வாங்கிய ரயிலோடு தொடங்கி, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு நிலவறையில் விஸ்தரித்துக்கொண்டே போனது அது. ஏறத்தாழ 1,700 சதுர அடிப் பரப்பில் லங்காஸ்டர் மாவட்டமே சிறு உருவத்தில் அமைந்திருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட ரயில்கள் ஓடுகின்றன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள் அசைகின்றன. ஒரு வீட்டில் தீப்பற்றுகிறது. தீயணைக்கும் வண்டி விரைந்து வந்து நீரைப் பாய்ச்சுகிறது. ஆமிஷ் ஜனங்கள் அண்டை அயலாரையெல்லாம் கூட்டி ஒரு களஞ்சியத்தை எழுப்புகிறார்கள். இடையிடையே விளக்குகள் மங்கி ஊரில் இரவு படர்கிறது. அப்போதும் வண்டிகள் நிற்பதில்லை.

நான் நெடுநேரம் நின்று கவனித்தது இந்த அம்சத்தைத்தான்: அந்தச் சிற்றுலகத்தில் வேலை செய்யாதவர்கள் மிகச் சொற்பம். அடுப்பில் கரி போடுகிறவனும், கைகாட்டியை இறக்குகிறவனும், பால் கறக்கிறவளும், ரோடு போடுகிறவனும் ஒரே பார்வையில் அகப்படுகிறார்கள். நிஜ உலகத்தில் இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் இருக்க, அவர்களுக்குள்ளே உள்ள சம்பந்தம் நமக்குப் புலப்படுவதில்லை. இங்கே, பால் கறந்த இடத்திலிருந்து ரயிலடிக்கு ரோடு போவதையும், ரயிலடியிலிருந்து நகரத்துக்குத் தண்டவாளம் போவதையும், ஒரு கைகாட்டி தவறினால் அத்தனையும் நின்றுவிடும் என்பதையும் ஐந்து வயதுப் பிள்ளை கண்டுகொள்கிறது. உருவத்தைச் சுருக்கியதனால் உண்மை சுருங்கிவிடவில்லை. சிதறிக்கிடந்த உண்மை ஒருங்கே திரண்டு தெரிகிறது. மாதிரி ரயிலுக்கு உள்ள கல்விப் பயன் இதுவே.

இதை வெறும் பழமைப் பாசம் என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946 இல் மாதிரி ரயில் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். மலையும் வீடும் மரமும் செய்து அழகுபடுத்துவதில் ஒரு சாராருக்குப் பிரியம். மேஜைக்கு அடியில், தொலைபேசி இயந்திரங்களிலிருந்து கழற்றியெடுத்த சாதனங்களைக் கொண்டு, பல வண்டிகளை மோதாமல் ஓட்டும் கட்டுப்பாட்டு முறையை உருவாக்குவதில் மற்றொரு சாராருக்குப் பிரியம். அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம் 1950களின் இறுதியில் அக்கழகத்துக் கணிப்பொறிகளைக் கையாளத் தொடங்கி, அத்துறையின் ஆரம்பகால மேதைகளுள் சிலராக விளங்கினார்கள். தண்டவாளங்களை இப்படியும் அப்படியும் பிரித்து வண்டியை வழிநடத்திய பழக்கமே, ஆணைகளை ஒழுங்காகக் கோத்து இயந்திரத்தை வழிநடத்தும் சாமர்த்தியத்துக்கு முன்பயிற்சி ஆயிற்று.

பழமைப் பாசத்திலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. லங்காஸ்டர் வழியாகச் செல்லும் பிரதான பாதையை நெடுங்காலம் நடத்திய பென்சில்வேனியா ரயில்வே, ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்று. 1968 இல் அது தன் பழைய போட்டியாளரோடு இணைக்கப்பட்டது. இணைந்த கம்பெனி இரண்டே ஆண்டுகளில், 1970 இல், திவாலாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த ஸ்தாபனம் மறைந்த பிறகு, அதன் செந்நிற வண்டிகளும் கறுத்த என்ஜின்களும் அந்த ஜனங்களின் மேஜைகள்மீதுதான் உயிரோடு இருக்கின்றன. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அருகிலுள்ள யார்க் நகரத்தில் ரயில் சேகரிப்போர் சங்கத்தின் ஆதரவில் கூடும் பெரிய ரயில் சந்தையில் இவற்றுக்காகத் தேசத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். தொழிலாளர்கள் தாங்கள் செய்த வேலையின் ஞாபகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கையளிக்க விரும்புவது கௌரவமான விருப்பம். ராஜாக்களின் வாளும் கிரீடமும் காட்சிச்சாலையில் இருக்கலாமென்றால், ரயில்வேக்காரரின் கைவிளக்கும் இருக்கவேண்டும்.

இனி சந்தைக்கு வருகிறேன். லங்காஸ்டர் நகரத்தின் நடுவே சந்தைக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது 1730களில். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் பெயரால் 1742 இல் வழங்கப்பட்ட நகர சாசனம் அங்கே சந்தை நடத்தும் உரிமையை உறுதிசெய்தது. அமெரிக்கா சுதந்திர நாடாவதற்கு முன்பே தொடங்கிய அந்தச் சந்தை இன்றளவும் நடைபெற்று வருகிறது. இப்போதுள்ள செங்கல் கட்டடம் 1889 இல் எழுப்பப்பட்டது. இரண்டு கோபுரங்களும் உயர்ந்த கூரையும் கொண்ட அந்த மண்டபம் நகரத்தின் பொதுச் சொத்து. செவ்வாய், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்களில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

கோடை காலமாதலால் மக்காச்சோளக் கதிர்களும் தக்காளியும் பீச் பழங்களும் குவிந்துகிடந்தன. பாலாடைக்கட்டியும் கோழியும் ரொட்டியும் பூக்களும் தனித்தனிக் கடைகளில் இருந்தன. கரும்புப் பாகு ஊற்றிச் சுட்ட பணியாரமும், காடியில் ஊறவைத்த காய்கறிகளும், ஜெர்மன் வழிவந்த அந்தப் பிரதேசத்து ஜனங்களுக்கே உரிய பதார்த்தங்கள். மூக்கில் ஏறும் காரம் கொண்ட ஒருவகைக் கிழங்கை வாங்குவோர் எதிரிலேயே அரைத்துக் கொடுத்தார்கள். விற்கிறவர்களில் பலர் தாமே விளைவித்தவர்கள், அல்லது விளைவித்தவரின் மனைவி மக்கள். ஒரு மூதாட்டி உருளைக்கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்து, மழை அதிகமாகிவிட்டதா என்று கேட்டார். கடைக்காரர் தம் வயலின் எந்தப் பகுதியில் நீர் தேங்கியது, எந்தப் பகுதி தப்பியது என்பதை விவரமாகச் சொல்லி, தப்பிய பகுதியில் விளைந்ததையே எடுத்துக் கொடுத்தார். விலையைப் பற்றி அவர்களுக்குள் தர்க்கம் நிகழவில்லை. மழையையும் மண்ணையும் பற்றிப் பேசி முடித்தபின் தர்க்கத்துக்கு இடமிருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றிற்று. விளைவித்தவனும் உண்பவனும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசும் இடத்தில், விலை என்பது நியாயத்தைக் குறிக்கும் எண்ணாகிவிடுகிறது. இடையில் ஐந்தாறு கைகள் மாறும்போதோ அது வலிமையுள்ளவன் இட்ட எண்ணாகவே நின்றுவிடுகிறது.

அம்மாவட்டத்தில் வாழும் ஆமிஷ் ஜனங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மத சுதந்திரம் நாடி ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் இவர்கள். பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதில்லை. சொந்தமாக மோட்டார் கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியில் செல்கிறார்கள். ஆயினும் ரயிலில் பிரயாணம் செய்ய அவர்களுக்குத் தடையில்லை. லங்காஸ்டர் ரயிலடியில் கறுப்புத் தொப்பியணிந்த ஆடவரும் குல்லாயணிந்த பெண்டிரும் வண்டிக்குக் காத்திருப்பது சாதாரணக் காட்சி. சொந்தக் கார் குடும்பத்தையும் கிராமத்தையும் சிதற அடித்துவிடும். எல்லாருக்கும் பொதுவான ரயில் அவ்வாறு செய்யாது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய ஆசாரங்கள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. புதிய சாதனம் ஒன்று வந்தால், அதனால் எவ்வளவு வேகம் கூடும் என்று கேட்பதோடு நில்லாமல், அதனால் மனிதருக்கு மனிதர் உள்ள உறவு என்னவாகும் என்றும் கேட்கும் அந்த வழக்கம் மாத்திரம் உலகம் முழுவதும் கைக்கொள்ளத் தக்கது.

சந்தையை நடத்த மண்டபம் மாத்திரம் போதாது. அதற்குப் பின்னால் நிலம் வேண்டும். பெரிய நகரங்களுக்கு அருகிலிருக்கும் செழிப்பான பூமி என்பதால், லங்காஸ்டர் வயல்களை வீட்டுமனைகளாக்க விரும்புவோர் ஏராளம். இதைத் தடுப்பதற்காக 1980களில் அங்கே ஓர் உபாயத்தைக் கைக்கொண்டார்கள். நிலத்தில் கட்டடம் கட்டும் உரிமையை மாத்திரம் விவசாயி பொதுநிதிக்கோ தர்ம ஸ்தாபனத்துக்கோ விற்றுவிடுகிறார், அல்லது தானமாக அளிக்கிறார்; நிலம் அவருடையதாகவே இருக்கிறது; அவர் உழலாம், விற்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம்; ஆனால் எவர் கைக்குப் போனாலும் அது விவசாய பூமியாகவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அம்மாவட்டத்தில் இவ்வாறு காப்பாற்றப்பட்டிருக்கிறது. சந்தையில் நான் கண்ட சோளக்கதிரின் பின்னால் இப்படியொரு சட்டமும், அதற்காக வரி கொடுக்கச் சம்மதித்த நகரத்தாரும் இருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது, அந்தச் சந்தையின்மீது எனக்கிருந்த மதிப்பு இரட்டித்தது.

இவையெல்லாம் செல்வம் மிகுந்த தேசத்தாருக்குச் சாத்தியமான காரியங்கள் என்று சொல்லி ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. ஏனெனில் இதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் நம்மிடமே இருக்கின்றன. பஞ்சாபில் 1987 இல் தொடங்கிய சந்தை முறையையும், ஆந்திரத்தில் 1999 தொடக்கத்தில் ஏற்பட்ட ரைத்து பஜாரையும் அடுத்து, அதே ஆண்டு நவம்பர் 14 ஆம் தேதி மதுரையில் முதலாவது உழவர் சந்தை திறக்கப்பட்டது. விவசாயிக்குப் புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை, இலவசமாகத் தராசு, காய்கறி மூட்டையைப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிவரும் வசதி, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாடம் நிர்ணயித்துப் பலகையில் எழுதும் விலை ஆகிய நான்கும் சேர்ந்து, தரகுக்கும் கமிஷனுக்கும் இடமில்லாத ஒரு வழியைத் திறந்துவிட்டன. ஆட்சிகள் மாறியபோது அச்சந்தைகளுக்குக் கிடைத்த ஆதரவும் மாறிற்று என்பது வருந்தத்தக்க உண்மை. லங்காஸ்டர் சந்தை மன்னராட்சியையும் குடியரசையும் உள்நாட்டு யுத்தத்தையும் தாண்டி நிலைத்ததற்குக் காரணம், அதை எந்தக் கட்சியின் சாதனையாகவும் எவரும் எண்ணாமல், ஊரின் உடைமையாக எண்ணியதே.

ரயில் விஷயத்திலும் நமக்குக் குறைவில்லை. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856 ஜூலை 1 ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. பெரம்பூரில் 1955 இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை உலகத்தின் பெரிய தொழிற்சாலைகளுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. அதன் வளாகத்தில் ரயில் காட்சிச்சாலையும் இருக்கிறது. நீலகிரி மலைப்பாதைக்கு வேண்டிய நீராவி என்ஜின்களைப் புதிதாகச் செய்து கொடுத்த பெருமை திருச்சி பொன்மலைப் பட்டறையைச் சேர்ந்தது. ரயில்வே பயிற்சிக்கூடங்களில் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குப் பாடம் சொல்வதற்கென்றே மாதிரித் தண்டவாளங்களும் கைகாட்டிகளும் அமைந்த அறைகள் உள்ளன. அவற்றை ஆண்டில் சில நாட்களாவது பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டு, ஓய்வு பெற்ற டிரைவர்களையும் கார்டுகளையும் பக்கத்தில் நிறுத்தி விளக்கச் செய்வதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மனம் ஒன்று இருந்தால் போதும்.

ஆகையால் என் வேண்டுகோள் மூன்று. ரயில்வே அதிகாரிகள் தங்கள் மாதிரி அறைகளையும் பட்டறைகளையும் மாணவர்களுக்குத் திறந்துவிடவேண்டும். உழவர் சந்தைகளை எந்த ஆட்சியும் கைவிட முடியாதபடி சட்டத்தினால் நிலைப்படுத்தி, அவற்றுக்குக் காய்கறி அனுப்பும் நிலங்களை மனைகளாகாமல் காக்கும் ஏற்பாட்டை அரசாங்கம் மேற்கொள்ளவேண்டும். வாசகர்களாகிய நீங்கள், வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உழவர் சந்தைக்குச் சென்று, கீரையையும் கத்தரிக்காயையும் வாங்கும்போது அவற்றை விளைவித்தவரின் ஊரையும் அந்த வாரத்து மழையையும் விசாரித்து, பலகையில் எழுதிய விலையை முகமலர்ச்சியோடு கொடுத்துவிட்டு வரவேண்டும்.